குந்திப்புழாவில் அணை வந்திருந்தால் பத்தில் ஒரு பங்கு காடுதானே போயிருக்கும்?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில், அதாவது சைலன்ட் வேலியில், குந்திப்புழாவின் குறுக்கே கட்டத் திட்டமிட்ட அணை சுமார் 830 ஹெக்டேர் நிலத்தைத்தான் மூழ்கடித்திருக்கும். மொத்தக் காட்டில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மீதி ஒன்பது பங்கு அப்படியே இருந்திருக்கும், மின்சாரத்துக்காகக் காத்திருந்த ஒரு பகுதிக்கு 120 மெகாவாட்டும் கிடைத்திருக்கும். பிறகு ஏன் தடுத்தார்கள்? தடுத்ததால் இன்று யாருக்கு என்ன பயன்? அங்கே போய்ப் பார்க்க முடியுமா?

நியாயமான கேள்வி. அன்றைக்குக் கேரள அரசும் மின்வாரியமும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் மூழ்கும் நிலம் எவ்வளவு என்று பார்த்தவர்கள், அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்தப் பத்தில் ஒரு பங்கு காட்டின் ஏதோ ஓர் ஓரம் அல்ல. பள்ளத்தாக்கின் அடித்தளமும் ஆறும் ஆற்றங்கரையும்தான் அது. என் பதில் முழுவதும் இதை ஒட்டியே இருக்கும்.

முதலில் நில அமைப்பு. நீலகிரி மலைத்தொகுதியின் தென்மேற்கு மூலையில், பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காட்டுக்கு மேலே இந்தப் பள்ளத்தாக்கு இருக்கிறது. வடக்கிலும் வடகிழக்கிலும் நீலகிரியின் மலைச்சுவர்கள். இங்குள்ள மிக உயரமான சிகரம் அங்கிண்டா, 2,383 மீட்டர். மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா. வரையாடுகள் மேயும் புல்வெளிகளும் சோலைகளும் அங்கிருந்து தொடங்கி இந்தப் பக்கமும் வழிந்து இறங்குகின்றன. மேல் சரிவுகளின் ஓடைகளெல்லாம் சேர்ந்து குந்திப்புழாவாகி, வடக்கிலிருந்து தெற்காக ஓடி, சைரந்திரிக்கு அருகே ஒரு குறுகிய இடுக்கு வழியாகச் சமவெளியை நோக்கி விழுகின்றன. பிறகு அது தூதப்புழாவில் சேர்ந்து, பாரதப்புழாவாகிப் பொன்னானியில் கடலை அடைகிறது.

மலைச்சுவர்களுக்குள் அடைபட்டிருந்ததால்தான் இந்தக் காடு பிழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியின் மேல்மட்டத்தில் தேயிலையும் காப்பியும் யூகலிப்டஸும் ஏறியபோதும், பின்னாளில் பக்கத்து அட்டப்பாடியின் சரிவுகள் மொட்டையானபோதும், இதற்குள் நுழைவது கடினமாகவே இருந்தது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1847-இல் இங்கே வந்திருக்கிறார். 1914-இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1928-இலேயே மின் உற்பத்திக்கு உகந்த இடம் என்று சைரந்திரியைக் குறித்துவிட்டார்கள். ஆக, காடு என்று ஏட்டில் ஏறிய பதினான்கு ஆண்டுகளில் அணைக்கான இடம் என்றும் ஏறிவிட்டது. இந்த இரண்டு முத்திரைகளுக்கும் இடையிலான வழக்கு தீர ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

பொறியாளர்கள் ஏன் அந்த இடத்தை அவ்வளவு விரும்பினார்கள் என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். குந்திப்புழா ஏறக்குறைய 1,860 மீட்டர் உயரத்திலிருந்து 900 மீட்டருக்கு இறங்குகிறது. ஆனால் சீராக இறங்குவதில்லை. மேலே செங்குத்தாக விழுந்துவிட்டு, கடைசி எட்டு கிலோமீட்டரில் வெறும் 60 மீட்டர் மட்டுமே தாழ்கிறது. அதாவது மலையின் நடுவே கிட்டத்தட்டச் சமமான நீண்ட பள்ளத்தாக்கு, அதன் வாயில் ஓர் இடுக்கு, இடுக்குக்குக் கீழே பெரும் சரிவு. இடுக்கை 130 மீட்டர் அணையால் அடைத்தால் பின்னால் ஏரி தானாக உருவாகும். கீழே இருக்கும் சரிவு விசையாழிகளைச் சுழற்றும். நீர்மின் நிலையம் அமைக்க இதைவிடப் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது. அவர்கள் வாதம் முட்டாள்தனமானது அல்ல.

ஆனால் அணைக்கு வசதியான அதே சமதளம்தான் காட்டுக்கும் ஆதாரம். செங்குத்தான சரிவில் மண் நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். சமமான பள்ளத்தாக்கின் அடியில் மண் ஆழமாகத் தேங்கும், ஈரம் ஆண்டு முழுவதும் இருக்கும், காற்றின் வேகம் குறையும். மிக உயரமான, மிக அடர்ந்த பசுமைமாறாக் காடு அங்கேதான் வளர்கிறது. மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகி, காடு சோலைத் திட்டுகளாகச் சுருங்கி, கடைசியில் புல்வெளியாகிவிடும். எனவே 'மீதி ஒன்பது பங்கு' என்று சொல்லப்படும் நிலத்தில் புல்வெளியும் பாறையும் செங்குத்துச் சரிவும் கணிசமாக அடங்கும். அவையும் அருமையானவைதான், ஆனால் மழைக்காட்டுக்கு அவை மாற்றாகாது.

அடுத்து ஆற்றுக்கும் காட்டுக்கும் உள்ள உறவு. காடு இருந்தால் ஆற்றில் தண்ணீர் கூடும் என்று பலரும் பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாத கூற்று அது. மரங்கள் ஏராளமாக நீரை உறிஞ்சி ஆவியாக வெளியேற்றுகின்றன. ஆண்டு முழுவதற்குமான மொத்தக் கணக்கில் காடு தண்ணீரைச் செலவழிக்கவே செய்கிறது. காடு ஆற்றுக்குச் செய்யும் உதவி வேறு வகையானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மொத்தமாகக் கொட்டித் தீர்க்கும் பெருமழையை, அது ஆண்டு முழுவதற்குமாகப் பரப்பித் தருகிறது. மழைத்துளி முதலில் மேல்விதானத்தில் விழுகிறது. அங்கிருந்து கீழ்க் கிளைகள், தண்டில் படர்ந்த பாசி, பெரணி, புதர் என்று தடுக்கித் தடுக்கி, வேகமிழந்துதான் தரைக்கு வருகிறது. தரையில் மக்கிய இலைப் படுகை. அதற்குக் கீழே வேர்களும் மண்புழுக்களும் கறையான்களும் துளையிட்ட மண். நீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்குகிறது. அப்படி இறங்கிய நீர்தான் பாறை இடுக்குகள் வழியாக மெல்லக் கசிந்து, மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் ஓடைகளை ஓட வைக்கிறது. குந்திப்புழா கோடையிலும் வற்றாமல் ஓடுவதற்கும், பருவமழை நேரம் தவிர மற்ற நாட்களில் அதன் அடிக்கற்கள் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருப்பதற்கும் இதுவே காரணம். மண்ணை அதன் இடத்திலேயே காடு பிடித்து வைத்திருக்கிறது.

இந்த உதவிக்கு ஆறும் கைம்மாறு செய்கிறது, ஆனால் அது கண்ணுக்கு அவ்வளவு எளிதில் படாது. மழைக்காட்டு ஓடையில் சூரிய ஒளி அதிகம் விழாது. அதனால் தண்ணீருக்குள் பாசியும் நீர்த்தாவரங்களும் பெரிதாக வளர்வதில்லை. அங்கே உணவுச் சங்கிலியின் தொடக்கம் கரையிலிருந்து உதிரும் இலை. ஓடைக்கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். விறைத்த, பழுப்பு நிற இலை ஒன்று கல்லுக்கு அடியில் சிக்கியிருக்கும். நரம்புகள் மட்டும் வலை போல மிஞ்சி, நடுப்பகுதி அரிக்கப்பட்டிருக்கும். அரித்தவை நீர்ப்பூச்சிகளின் இளம் உயிரிகள். சில, மணலையும் இலைத் துணுக்குகளையும் பட்டு நூலால் ஒட்டிச் சிறு குழல் செய்து அதற்குள் வாழ்கின்றன. அவை மென்று துப்பிய துகளை வடிகட்டி உண்ண வேறு பூச்சிகள், அந்தப் பூச்சிகளை உண்ண மீன்கள், தவளைகள், நண்டுகள். வளர்ந்த பூச்சிகள் சிறகு முளைத்துப் பறந்து மீண்டும் காட்டுக்குள் போய்ப் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் சிலந்திகளுக்கும் இரையாகின்றன. இலையாக ஆற்றுக்குள் போனது இறகோடு கரைக்குத் திரும்புகிறது.

இந்த ஓட்டத்தில் வாழவே உடலமைப்பைப் பெற்ற உயிர்கள் இருக்கின்றன. அமைதிப் பள்ளத்தாக்கிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து அறிவியல் உலகுக்கு அறிமுகமான இரண்டு மீன்கள்: 1981-இல் ஹோமலோப்டெரா பில்லை, 1984-இல் காரா மேனோனி. இரண்டையும் விவரித்தவர்கள் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை நிலையத்து ஆய்வாளர்கள். முதலாவது மீனின் வயிறு தட்டையானது. இரு பக்கத் துடுப்புகளும் விசிறிபோல விரிந்து பாறையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவதற்கு வாயின் அடியில் உறிஞ்சு தட்டு போன்ற அமைப்பு இருக்கிறது. அதனால் கல்லைப் பற்றிக்கொண்டே, கல்மேல் படிந்த மெல்லிய பாசியைச் சுரண்டித் தின்னும். ஆர்ப்பரித்து ஓடும், பிராணவாயு நிறைந்த, குளிர்ந்த, ஆழமற்ற நீருக்காக உருவான உடல்கள் இவை. நூறு மீட்டர் ஆழத்தில் தேங்கி நிற்கும் ஏரியில் இவற்றுக்கு இடமில்லை. அங்கே பிழைப்பது, நாம் கொண்டுவந்து விடும் கெண்டையும் திலேப்பியாவும்தான். அணை வேண்டுமா வேண்டாமா என்று டெல்லியில் விவாதம் நடந்த ஆண்டுகளிலும் அது முடிந்த கையோடும்தான் இந்த மீன்களுக்குப் பெயரே வைக்கப்பட்டது. என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே எவ்வளவு இழக்கலாம் என்று முடிவெடுக்க இருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

தவளைகளிலும் அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மைக்ரிக்சாலஸ் இனத் தவளைகள் ஓடைப் பாறைமேல் உட்கார்ந்து, பின்னங்காலை நீட்டி, விரல்களுக்கு இடையிலான சவ்வை விரித்துக் காட்டி மடக்கும். நீரின் இரைச்சலில் குரல் மட்டும் போதாது என்பதால் ஆண் தவளை காலாலும் செய்தி சொல்கிறது என்பது பொதுவான விளக்கம். இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு தவளையும் 1981-இல் இதே பள்ளத்தாக்கிலிருந்துதான் விவரிக்கப்பட்டது.

ஆனால் மக்களை அசைத்தது மீனோ தவளையோ அல்ல, சிங்கவால் குரங்கு. சோலைமந்தி என்றும் சொல்வோம். கறுத்த உடல், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு. காட்டில் மொத்தமே 4,000-க்கும் குறைவாகத்தான் இருக்கும் என்பது இன்றைய மதிப்பீடு. பெரும்பாலும் மரத்தைவிட்டு இறங்காத விலங்கு இது. கிளையும் கிளையும் தொடும் தொடர்ச்சியான விதானம் இல்லாவிட்டால் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு கலக்க வழியில்லாமல் போகும்.

இந்தக் குரங்கின் வாழ்க்கை வெடிப்பலா மரத்தோடு பின்னிக் கிடக்கிறது. முள் நிறைந்த காயைக் கொண்ட பெரிய மரம், தூரியன் பழத்தின் உறவு. பூக்கள் கிளை நுனியில் பூப்பதில்லை. முதிர்ந்த கிளைகளின் பட்டையிலிருந்தே கொத்துக் கொத்தாக வெளிவரும். இதழ் இல்லாத, குழல் வடிவான, மங்கிய பழுப்புநிறப் பூக்கள். மற்ற பழங்கள் அரிதாகும் காலத்தில் இந்த மரம் பூத்துக் குலுங்கும். குரங்கு அந்தச் சதைப்பற்றுள்ள பூக்களைத் தின்னும், இனிய சாற்றைக் குடிக்கும், பிறகு காய்க்கும்போது முள்தோலைப் பிளந்து விதையைத் தின்னும். களக்காடு–முண்டந்துறைக் காடுகளில் நடந்த ஆய்வுகள், இந்த மரத்தின் பூக்களை நாடி வரும் குரங்குகள், வௌவால்கள் முதலான பாலூட்டிகள் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுவதைக் காட்டின. பூவைத் தின்பதாகத் தோன்றுவது மரத்துக்குச் சேவையாகவும் அமைகிறது. நடுத்தர உயரத்து மழைக்காட்டைத் தாவரவியலாளர்கள் இந்த மரத்தை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். பள்ளத்தாக்கின் தளத்தில் நிற்கும் வெடிப்பலாக்களை மூழ்கடித்துவிட்டு, மேலே புல்வெளி இருக்கிறதே என்று குரங்குக்குச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அணை என்றால் நீர் நிற்கும் பரப்பு மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பல ஆண்டுகள் தங்குவார்கள். அவர்களுக்கு விறகு வேண்டும். சிமென்ட்டும் இரும்பும் ஏற்றிவர லாரி ஓடும் சாலை வேண்டும். கல்லுடைக்கும் இடம், மின்கம்பிக்குக் காட்டை வகிர்ந்த பாதை, பிறகு அந்தப் பாதை வழியே வரும் வேட்டைக்காரர்கள், மரம் வெட்டுபவர்கள், தீ. நூற்றாண்டுகளாக நுழைவு கடினமாக இருந்ததே இந்தக் காட்டின் ஒரே அரண் என்று முன்பே சொன்னேன். திட்டம் முதலில் உடைத்திருப்பது அந்த அரணைத்தான்.

இனி வரலாறு. கேரள மின்வாரியம் 1970-இல் முன்மொழிந்த திட்டத்துக்குத் திட்டக் குழு 1973-இல் ஒப்புதல் தந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர், இந்தக் காட்டுக்கு வரும் ஆபத்தைப் பொதுவெளியில் முதலில் எழுதியவர்களில் ஒருவர். 1976-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் திட்டமிடல் குழு, இயற்கையியலாளர் ஜாபர் ஃபதேஅலி தலைமையில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அந்தக் குழு திட்டத்தைக் கைவிடச் சொன்னது. கூடவே, கைவிட முடியாவிட்டால் பின்பற்ற வேண்டிய 17 பாதுகாப்பு நிபந்தனைகளையும் எழுதிவைத்தது.

இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். மாநில அரசு முதல் பரிந்துரையைத் தள்ளிவிட்டு, 17 நிபந்தனைகளையும் ஏற்கிறோம் என்று சொல்லி வேலையைத் தொடர முனைந்தது. 1979-இல் அதற்கென ஒரு பாதுகாப்புச் சட்டமே இயற்றியது. எச்சரிக்கையாக எழுதப்பட்டது அனுமதிச் சீட்டாகிவிட்டது. இன்றும் எத்தனையோ சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் நிபந்தனைப் பட்டியல் ஒன்று இருக்கும். கூடாது என்று தோன்றினால் கூடாது என்று மட்டும் எழுதி நிறுத்துவதே அறிவியலாளர்களுக்கு அழகு என்பது என் உறுதியான கருத்து.

களத்தில் உண்மையான திருப்பத்தைக் கொண்டுவந்தது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் நிறைந்த அறிவியல் இயக்கம் அது. தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத், பொறியாளர் எம். பி. பரமேஸ்வரன், பொருளியலாளர் கே. பி. கண்ணன் உள்ளிட்டோர் சேர்ந்து திட்டத்தின் தொழில்நுட்ப, பொருளாதார, சமூகக் கணக்கை அலசி 1979-இல் அறிக்கை வெளியிட்டார்கள். குரங்கைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. மின்சாரக் கணக்கையே எடுத்துக்கொண்டு பேசினார்கள். கேரளம் அப்போது அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது. வட கேரளமான மலபாரில் மின்சாரம் போதாமல் இருந்ததற்கு உற்பத்திக் குறைவைவிடக் கடத்தும் கம்பிகளும் விநியோக அமைப்பும் போதாமையே பெரிய காரணம். வழியில் வீணாகும் மின்சாரத்தைக் குறைத்தாலே பெரும்பகுதித் தேவையைச் சமாளிக்கலாம் என்று காட்டினார்கள். வாதம் அங்கேதான் வென்றது என்று நினைக்கிறேன். கவிஞர் சுகதகுமாரி முதலான எழுத்தாளர்கள் ஊர் ஊராகப் போய்க் கவிதை வாசித்து மக்களின் மனத்தைத் திருப்பினார்கள். பறவையியலாளர் சலீம் அலி திட்டத்தைக் கைவிடும்படி வேண்டினார்.

திட்டத்தை ஆதரித்தவர்களை வில்லன்களாக்குவது எனக்கு உடன்பாடல்ல. மண்ணார்க்காடும் மலப்புறமும் அன்று மிகவும் பின்தங்கிய பகுதிகள். வேலை கிடைக்கும், வயலுக்கு நீர் வரும், விளக்கு எரியும் என்று நம்பி அங்குள்ள மக்கள் அணை கேட்டார்கள். சட்டமன்றத்தில் ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் அவர்கள் பக்கம் நின்றன. அவர்களுடைய தேவை உண்மையானது. அதற்குக் காட்டப்பட்ட வழிதான் தவறு.

பிறகு நடந்தவை வேகமாக: வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் 1979-இல் திட்டத்தைக் கைவிட்டு, சுற்றியுள்ள அமரம்பலம், அட்டப்பாடி, குந்தா காடுகளையும் சேர்த்துப் பெரிய காப்பகமாக்கப் பரிந்துரைத்தார். மொரார்ஜி தேசாய் அரசு அதை ஏற்கவில்லை. திட்டத்தை எதிர்த்துக் கேரள உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 1980 தொடக்கத்தில் தள்ளுபடியானது. அதே ஆண்டு பதவிக்குத் திரும்பிய இந்திரா காந்தி, பணியை நிறுத்தி வைக்கச் செய்து, இயற்பியலாளர் எம். ஜி. கே. மேனன் தலைமையில் மத்திய, மாநிலப் பிரதிநிதிகள் அடங்கிய குழுவை அமைத்தார். அந்த அறிக்கைக்குப் பின் 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் 89.52 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு இது நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் மையப் பகுதிகளுள் ஒன்றானது. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலக மரபுச் சின்னமானபோது அதிலும் இடம்பெற்றது.

ஆனால் எல்லைக்கோடு போட்டுவிட்டால் ஆறு காப்பாற்றப்பட்டுவிடுவதில்லை. 2001-இல் பழைய திட்டம் வேறு உருவில் வந்தது. பூங்கா எல்லைக்குக் கீழே சுமார் அரை கிலோமீட்டர் தள்ளிப் பாத்ரக்கடவில் 64.5 மீட்டர் உயர அணை, 70 மெகாவாட். பூங்காவுக்குள் ஒரு சொட்டு நீரும் தேங்காது என்பதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. சட்டப்படி சரி. ஆனால் ஆற்றுக்குப் பூங்காவின் எல்லைக்கல் தெரியாது. மேலும் கீழும் நீந்தும் மீனுக்கு அணை அணைதான், அது கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தால் என்ன, அந்தப் பக்கம் இருந்தால் என்ன. 2007-இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் இடைக்காப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்ட பிறகே அந்தத் திட்டம் ஓய்ந்தது. அமைதிப் பள்ளத்தாக்கு இயக்கத்தின் இரண்டாவது வெற்றி என்று இதைத்தான் சொல்வேன். முதல் வெற்றியைப் போல இது பரவலாகப் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இந்த இடைக்காப்பு மண்டலம் தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புடையது. நீலகிரியில் பிறக்கும் பவானி ஆறு கேரளத்துக்குள் இறங்கி, இந்தக் காடுகள் வழியாக வந்து, முக்காலி என்ற ஊரில் சட்டென்று வளைந்து வடகிழக்கே திரும்பி, அட்டப்பாடியைக் கடந்து மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அதுவே பவானிசாகரை நிரப்பிக் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. இடைக்காப்பு மண்டலத்தின் ஒரு சரகத்துக்குப் பவானி என்றே பெயர். ஈரோட்டு வயலுக்குப் பாயும் நீரில் இந்தக் காட்டு மண்ணில் ஊறி வந்த நீரும் இருக்கிறது. யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு முதல் பதில் இது.

இரண்டாவது பதிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பக்கத்திலேயே இருக்கும் அட்டப்பாடியைப் பாருங்கள். அதன் கிழக்குப் பகுதி மழை மறைவில் கிடக்கும் வறண்ட நிலம். இருந்த காடும் வெட்டப்பட்டு, சரிவுகள் உழப்பட்டு, மண் கழுவிப் போனபோது அங்குள்ள ஓடைகள் கோடையில் வற்றத் தொடங்கின. முடுகர், இருளர், குறும்பர் ஆகிய ஆதிவாசி மக்கள் தங்கள் நிலத்தையும் நீரையும் இழந்தார்கள். 1990-களின் நடுவில் ஜப்பானியக் கடனுதவியோடு பெரும் திட்டம் தீட்டி, அந்த மண்ணைச் சீராக்க ஆண்டுக்கணக்கில் செலவழிக்க வேண்டிவந்தது. ஒரே மலை, பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள். ஒன்றைக் காப்பாற்ற ஆன செலவையும் இன்னொன்றை மீட்க ஆன செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, கீழே. பாரதப்புழாவின் கிளைகளில் மலம்புழா, மங்களம், போத்துண்டி, வாளையாறு, காஞ்சிரப்புழா என அணை மேல் அணை. கோடையில் அந்தப் பெரிய ஆற்றைப் பார்த்தால் மணல்மேடும் நாணலும்தான் கண்ணில் படும். பெரிய அணை எதுவும் இல்லாமல் மலையிலிருந்து ஓடிவரும் கிளை குந்திப்புழா. தூதப்புழாவில் கோடையிலும் ஓரளவு ஓட்டம் இருக்கிறதென்றால் அதற்கு இது முக்கியக் காரணம்.

மின்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் உச்சநேரத் தேவை இன்று 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இடுக்கி நிலையம் ஒன்றின் திறனே 780 மெகாவாட். குந்திப்புழா தந்திருக்கக்கூடிய 120 மெகாவாட்டை வேறு வழிகளில் உற்பத்தி செய்ய முடிகிறது. வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும்கூடப் பெற முடிகிறது. ஏறக்குறைய 1,000 வகைப் பூக்கும் தாவரங்களும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகளும் கொண்ட ஒரு மழைக்காட்டை வேறு வழியில் உருவாக்க இன்னும் யாருக்கும் தெரியாது.

போய்ப் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் வரம்புக்குட்பட்டுத்தான். நுழைவு முக்காலியில் உள்ள வனத்துறை அலுவலகம் வழியாக மட்டுமே. அங்கிருந்து சைரந்திரி வரை 23 கிலோமீட்டர். உங்கள் வண்டியில் போக முடியாது, அனுமதி பெற்ற ஜீப்பில் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாடு இருப்பதால் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். சைரந்திரியில் காவல் கோபுரம் இருக்கிறது. அதன் மேலிருந்து பார்த்தால் நான் சொன்ன நில அமைப்பு முழுவதும் ஒரே பார்வையில் விளங்கும்: மலைச்சுவர், சமமான பள்ளத்தாக்கு, ஆறு வெளியேறும் இடுக்கு. வனவிலங்குகள் வரிசையில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மழைக்காட்டில் விலங்கைப் பார்ப்பது அரிது, பொறுமையாக மேலே பார்த்துக்கொண்டே போனால் கருமந்தியும் மலை அணிலும் கிடைக்கும், வாய்ப்பிருந்தால் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மழைக்காலத்தில் அட்டை அதிகம், பாதையும் அடிக்கடி மூடப்படும். கோவையிலிருந்து போகிறவர்கள் பாலக்காடு சுற்றாமல் ஆனைக்கட்டி, அகளி வழியாகப் போங்கள். கள்ளியும் முட்புதரும் நிறைந்த மழை மறைவு நிலத்தில் தொடங்கி, முக்காலியை நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் ஏறி, மரங்கள் உயர்ந்துகொண்டே வருவதைப் பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். வழியில் அட்டப்பாடியின் ஓடைகளையும் பாருங்கள், பிறகு குந்திப்புழாவைப் பார்க்கும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். பிளாஸ்டிக் எதையும் உள்ளே எடுத்துப் போகாதீர்கள், முக்காலியிலேயே விட்டுவிடுங்கள்.